வெறுஞ்சோறு இல்லாத விருந்து

பிள்ளைகளே, வீட்டில் மீன் சமைக்கும் நாளெல்லாம் நான் ஒரு பிடி வெறுஞ்சோற்றைத் தனியாக ஒதுக்கி வைத்து, கடைசியில் அதை அப்படியே சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு இது என்ன பழக்கம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அம்மா சிரிப்பாளே தவிர சொல்லமாட்டாள். நானே எழுதிவிடுகிறேன். எனக்கு மூன்றாம் பாரம் வரைதான் படிப்பு. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இது எண்பத்து மூன்றாம் ஆண்டின் கடைசியில், பள்ளி விடுமுறை சமயத்தில், கிள்ளானில் நடந்தது. அப்போது நான் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். வீடு பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ். என் அப்பா தண்டவாளத்தில் வேலை பார்த்து இறந்தவர். அம்மா மட்டும்தான் என்னுடன். உங்கள் அம்மாவும் அதே பிரிக்ஃபீல்ட்ஸ்தான், ஆனால் நாலு தெரு தள்ளி. அவள் அப்பா ரயில்வேயில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அவள் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். காலையில் இருவரும் ஒரே பஸ். நான் பாதி வழியில் இறங்குவேன், அவள் கடைசி வரை போவாள். அந்தப் பாதி வழியில்தான் எல்லாம் பேசி முடித்தோம்.

வீட்டில் சொல்லிவிட்டதாக ஒருநாள் அவள் சொன்னாள். அதற்கு அவள் அப்பா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் போனது. பிறகு அவளுக்கு நிரந்தர வேலை உறுதியானது. அதைக் கொண்டாட சனிக்கிழமை சாயங்காலம் கிள்ளானில் ஒரு ரெஸ்டாரண்டில் சாப்பாடு, அவள் அப்பா என்னையும் கூட்டிவரச் சொன்னார் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் என் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"வீட்டுக்குக் கூப்பிடலயா? கடைக்குத்தானே? வேணும்னு நினைச்சா வீட்டுல இலை போடுவாங்கடா. வேணாம்னு சொல்றதுக்குத்தான் கடை."

அவர்கள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கிராணி ஐயா வேலையில் இருந்த காலத்தில் ஏதாவது கையெழுத்து வாங்க எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் வருவார். வாசலில்தான் நிற்பார். காப்பி கொடுத்தால், "இப்பதான் குடிச்சனான்" என்பார். எந்த வீட்டிலும் அதே பதில். மரியாதையாகத்தான் சொல்வார், யாரையும் ஒரு சொல் தாழ்த்திப் பேசியதில்லை. ஆனாலும் அந்த வரிசையில் எந்த வீட்டுத் தண்ணீரும் அவர் தொண்டையில் இறங்கியதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் உறவு என்று ஆகிவிடும் அல்லவா? அவர் தன் வீட்டில் எனக்குச் சோறு போடவும் இல்லை, எங்கள் வீட்டில் சாப்பிடவும் இல்லை. நடுவில் ஒரு கடையைக் கண்டுபிடித்துவிட்டார்.

தெரிந்தும் போனேன். கூப்பிட்டும் போகாமல் இருந்தால் அதுவே பதில் ஆகிவிடுமே.

கிள்ளான் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது அந்த ரெஸ்டாரண்ட். ஐந்தே மேசை. கட்டம் போட்ட மேசைத்துணி, மேலே மஞ்சள் விளக்கு, வெளியே மழை. உள்ளே நுழைந்ததும் யாரோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தது போல இருந்தது. முதலாளி வயதான சீனர். இருபது முப்பது வருஷம் கப்பலில் சமையல்காரராக ஊர் ஊராகப் போய் வந்தவர். ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு தட்டு வாங்கிச் சுவரில் மாட்டி வைத்திருந்தார், ஒவ்வொரு ஊரிலும் ஒரு சமையல் கற்று வந்திருந்தார். எந்த நாட்டுச் சாப்பாடோ அந்த நாட்டுக் கொடியைக் காகிதத்தில் செய்து, பல்குச்சியில் ஒட்டி, சாப்பாட்டின் மேல் குத்தித்தான் கொண்டுவருவார் அவர் மனைவி. சரக்கு வேகன் கணக்குப் பார்த்த காலத்திலிருந்தே கிராணி ஐயாவுக்கு அந்த முதலாளியைப் பழக்கம்.

நாங்கள் நாலு பேர். ஐயா, அவர் மனைவி, உங்கள் அம்மா, நான். நான் தெரியாத்தனமாகச் சோறு இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். முதலாளிக்கு ஒரே சிரிப்பு. உலகத்துச் சாப்பாடு எல்லாம் இங்கே உண்டு, சோறு மட்டும் இல்லை, அது வேண்டுமென்றால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு லா என்று மலாயில் சொன்னார். ஐயாவும் சிரித்தார். எனக்கு வீடு என்ற சொல்தான் காதில் விழுந்தது.

எனக்குக் கோழி வந்தது. ஐயாவுக்கு முழு மீனாகச் சுட்டு, எலுமிச்சை பிழிந்து, மேலே போர்த்துகல் கொடி. உங்கள் அம்மாவுக்கும் அவள் தாயாருக்கும் உருளைக்கிழங்கும் காய்கறியும் போட்டு வேகவைத்த ஏதோ ஒன்று. நாலு பேரும் கத்தியும் முள்கரண்டியும் பிடித்தோம். நாலு பேரும் வீட்டில் கையால் சாப்பிடுகிறவர்கள்தான். ஆனால் அவர்கள் முன்னால் நானும், என் முன்னால் அவர்களும் எப்படிக் கையை வைப்பது? அந்த மேசையில் எல்லாரும் எல்லாருக்கும் மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தோம். யாரும் வயிறாரச் சாப்பிடவில்லை.

ஐயா வேலையைப் பற்றிக் கேட்டார், ஷிப்ட் கேட்டார், அம்மாவின் உடம்பைக் கேட்டார். மகளின் வேலையைப் பற்றிப் பெருமையாக நாலு வார்த்தை பேசினார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

"தம்பி, நீர் நல்ல பிள்ளை. உழைப்பாளி. அதிலை எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால்..."

பேச்சுக்கு நடுவில் ஒரு வாய் எடுத்து வைப்பது அவர் வழக்கம். 'ஆனால்' என்றவர் ஒரு துண்டு மீனைக் குத்தி வாயில் போட்டார். உங்கள் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். நான் தட்டைப் பார்த்தேன். வருவது என்னவென்று எனக்குத் தெரியும்.

ஆனால் எதுவும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஐயா தொண்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

மீன் சாப்பிட்டு வளர்ந்த மனுஷர். விரலால் பிட்டிருந்தால் முள் தானாகக் கையில் தட்டியிருக்கும். கரண்டிக்கு என்ன தெரியும்? தண்ணீர் குடித்தார், இறங்கவில்லை. ரொட்டியைக் கடித்து விழுங்கினார், முள் இன்னும் உள்ளே குத்தியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பேச்சு வரவில்லை. கட்டை விரலையும் மற்ற விரல்களையும் சேர்த்து உருட்டிக் காட்டினார். எங்கள் மேசையில் அது யாருக்கும் புரியாமல் இல்லை. தொண்டையில் முள் என்றால் சோற்று உருண்டை. இந்த ஒரு விஷயத்தில் நாலு தெருவும் ஒரே தெருதான்.

"சோறு வேணும், வெறுஞ்சோறு," என்று ஐயாவின் மனைவி எழுந்து நின்றுகொண்டு சொன்னார். பரிமாறிய சீன அம்மாளுக்கு அது விளங்கவில்லை. சுவரெல்லாம் உலகம் தொங்குகிறது, ஒரு பிடி சோறு இல்லை.

நான் சமையலறைக்குள் ஓடினேன். அங்கே முதலாளி ஒரு முக்காலியில் உட்கார்ந்து தன் சாப்பாட்டை ஆரம்பித்திருந்தார். என்ன சாப்பாடு தெரியுமா? ஒரு கிண்ணம் சோறு, ஒரு துண்டு கருவாடு. ஊருக்கெல்லாம் உலகத்தைச் சமைத்துப் போட்டுவிட்டு, அவர் சாப்பிட்டது நம்முடைய சாப்பாடுதான். மலாயில் இரண்டு வார்த்தை சொன்னேன். அவர் உடனே எழுந்து பானையைத் திறந்து இன்னொரு கிண்ணத்தில் சூடாக அள்ளிக் கொடுத்தார். குழாயில் கையைக் கழுவிக்கொண்டு, கிண்ணத்தோடு திரும்பி ஓடினேன்.

சோறு கையைச் சுட்டது. நெல்லிக்காய் அளவுக்கு உருட்டினேன். ஐயா இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார், வாங்கும் நிலையில் அவர் இல்லை. வாய்க்கு நேரே நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு மூச்சு நேரம் இருக்கலாம். எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் அவர் நின்ற நிற்பும், அந்தக் காப்பித் தம்ளரும் என் கண்ணுக்குள் வந்தன. அவருக்கும் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, சின்னப் பிள்ளை மாதிரி, வாயைத் திறந்தார்.

மெல்லாமல் விழுங்கினார். தலையை ஆட்டினார், போகவில்லை. அடுத்ததைக் கொஞ்சம் பெரிதாக உருட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு, எச்சிலை விழுங்கிப் பார்த்தார். இன்னொரு முறை விழுங்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

(பிள்ளைகளே, இப்போது டாக்டர்கள் இப்படிச் செய்யக்கூடாது என்கிறார்கள். முள் சிக்கினால் நேரே கிளினிக் போங்கள். நான் ஒதுக்கி வைக்கிற சோறு வைத்தியத்துக்கு அல்ல.)

முதலில் வாயைத் திறந்தவர் உங்கள் அம்மாவின் தாயார்தான். அன்று முழுக்க அவர் என்னிடம் பத்து வார்த்தைகூடப் பேசவில்லை. கணவரைப் பார்த்து, எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இனி என்னத்தைச் சொல்லப் போறியள்? அந்தப் பெடியன்ரை கையாலை சோறு வாங்கித் திண்டாச்சு."

ஐயா முகத்தைத் துடைத்துக்கொண்டார். கத்தியையும் முள்கரண்டியையும் எடுத்து மேசையின் ஓரமாக வைத்தார். மீனை விரலால் பிட்டு, முள்ளைத் தடவித் தடவி எடுத்து ஒதுக்கி, ஒரு துண்டை என் தட்டில் வைத்தார். குரல் கரகரத்தது.

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாரும். மத்தியானச் சாப்பாடு அங்கைதான்."

அதற்குப் பிறகு அந்த மேசையில் யாரும் கரண்டியைத் தொடவில்லை. உருளைக்கிழங்கைக்கூடக் கையால்தான் சாப்பிட்டோம். எந்த நாட்டுக் கொடி எந்தத் தட்டில் என்று பார்க்கவில்லை, மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டோம். வாசலில் டாக்சி வந்து நின்றதும், பெற்றோர் ஏறும் சமயம் பார்த்து உங்கள் அம்மா என் பக்கம் சாய்ந்து சொன்னாள்: "அந்த மீன்ல இருந்த கொடி எந்த ஊர்? அந்த ஊருக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகை அனுப்பணும்."

ஞாயிற்றுக்கிழமை நடந்ததும் அதற்குப் பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரியும். ஐயா எங்கள் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து காப்பி குடித்த அன்று, என் அம்மா தம்ளரைத் திரும்ப வாங்கவே மறந்து நின்றார்கள். அவர் இருந்தவரை அந்த 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பிறகு என்ன சொல்ல வந்தார் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

ஒன்று மட்டும் உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. டாக்சி போனதும், அன்றைக்கு நண்பனிடம் இரவல் வாங்கி வந்திருந்த மோட்டார் சைக்கிளை எடுக்காமல் மறுபடி மாடி ஏறினேன். முதலாளி முன்பக்கம் வேறு மேசைக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். எங்கள் மேசையில் அந்தக் கிண்ணம் அப்படியே இருந்தது, அடியில் ஒரு பிடி சோறு மீதியாக, ஆறிப்போய். அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், அவர் உட்கார்ந்திருந்த முக்காலியில் உட்கார்ந்து, அந்தச் சோற்றைக் குழம்பு இல்லாமல் கருவாடு இல்லாமல் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். பிறகு கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். அதற்குப் பிறகு எத்தனையோ விருந்து சாப்பிட்டாயிற்று, ஆனாலும் ஒரு மனிதர் என்னைத் தன் ஆளாக ஏற்றுக்கொண்டார் என்பதை நாக்கில் ருசித்து அறிந்தது அந்த ஒரு பிடி வெறுஞ்சோற்றில்தான்.