ஷட்டர் போட்ட ஜன்னலிலிருந்து ஒரு வானிலை அறிக்கை

போன வியாழக்கிழமை நான் சொன்ன ஒரு பொய்யால், காரைக்குடியில் ஒரு மொட்டை மாடி வத்தல் மொத்தமும் கரைந்து போனது.

என் வாடகை அறைக்கு எதிர்வீட்டு மும்தாஜ், கல்யாண வீடுகளுக்குக் கூழ் வத்தல் போட்டுக் கொடுப்பவர். கோடை மழை எங்களுக்கு மேற்கிலிருந்துதான் ஏறி வரும். அதனால் வத்தல் காயும் நாளில் முதலில் செல்போனில் வானிலை பார்ப்பார். பிறகு மேற்கே இருக்கிறவர்களுக்கு வரிசையாகப் போன்.

சொன்னதையெல்லாம் அப்படியே நம்ப மாட்டார். சிங்கம்புணரி மச்சானுக்கு எந்த மேகமும் மழை மேகம்தான் — அவர் பேச்சில் கால்வாசி தேறினாலே அதிகம். நெற்குப்பை அக்கா மாடியேறிப் பார்த்துச் சொல்வார் — முழுசாக நம்பலாம்.

உலகத்து வானிலைக் கம்ப்யூட்டர்களும் இதைத்தான் செய்கின்றன, தெரியுமா? ஒரு வானிலை ஆபீஸில் கொஞ்ச காலம் வாட்ச்மேனாக இருந்தேன். மழை பெய்தால் என் படுக்கை நனையும், எழுந்து உட்கார்ந்துகொள்வேன். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள், எட்டாவதோடு நின்ற எனக்கும் புரிகிற மாதிரி ஓர் அதிகாரி சொன்னார். கம்ப்யூட்டர் கையில் ஏற்கெனவே ஒரு கணிப்பு இருக்கும். சாட்டிலைட், பலூன், கப்பல், விமானம்... இவை அளந்து அனுப்புவதை வைத்து அதைத் திருத்தும். எதை எவ்வளவு நம்புவது என்பதில்தான் சூட்சுமம். இன்றைய வானத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டால்? நாளைக்குக் கொஞ்சம் பிசகும். ஐந்தாம் நாள் மழை வேறு ஊரில் பெய்யும்.

வியாழக்கிழமை மதியம் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பஸ் மேலூரைத் தொட்டபோது மும்தாஜ் அழைத்தார். நெற்குப்பை அக்கா போனை எடுக்கவில்லையாம். வத்தல் பாதிதான் காய்ந்திருக்கிறது, மறுநாள் கல்யாண வீட்டுக்குப் போயாக வேண்டும். உள்ளே எடுத்தால் காயாது. மாடியிலேயே விட்டு, மழை வந்தால் எதுவுமே மிஞ்சாது.

"அங்குட்டு வானம் எப்படிண்ணே இருக்கு?"

அரைத் தூக்கம். ஷட்டரைத் தூக்கச் சோம்பல். வெயில் கொளுத்துகிறது என்றேன்.

நான் இறங்கியபோது தெருவில் தண்ணீர் ஓடியது. மும்தாஜ் மாடியில் துணியிலிருந்து கூழை வழித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியலைன்னு சொல்லியிருந்தா அள்ளி உள்ள வச்சிருப்பேன்ல. பாக்காமலே பாத்த மாதிரி சொல்லிட்டீகளே."

அந்தக் கல்யாணத்துக்கு வேறு யாரோ வத்தல் கொடுத்தார்கள்.

கணிப்பு பொய்த்தால் வானிலைக்காரர்களைத் திட்டுகிறோம். பார்க்காமலே சொன்னவனை யார் திட்டுகிறார்கள்?

நேற்று மறுபடி பஸ். மறுபடி மேலூர். மும்தாஜின் அழைப்பு! மன்னித்துவிட்டார் என்று ஷட்டரைத் தூக்கி, தலையை வெளியே நீட்டி, வானத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

"அண்ணே, பக்கத்துல கண்டக்டர் இருக்காகளா? அவுககிட்டப் போனக் குடுங்க."

கொடுத்தேன்.