ஆச்சிக்கு எழுதிய மருந்து

பிரியமான சகோதரங்களே, என் மூத்த மகளை நான் என் கையாலேயே மருந்து கொடுத்துச் சாகவிட்டவள். இதை மறைத்துவிட்டு மாதா செய்த உதவியைச் சொல்ல எனக்கு வாய் வராது.

அவளுக்கு மூன்று வயது. காய்ச்சல் மருந்து ஒரு கரண்டி என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். எந்தக் கரண்டி என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கறி அள்ளுகிற கரண்டியால் பருக்கினேன். நித்திரையானவள் பிறகு எழும்பவேயில்லை.

அடுத்தவளுக்கு, காலமான மாமியின் பெயரை வைத்தோம். தன் தாயின் பெயரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட என் மனுசனுக்கு மனம் வராது. அதனால் எங்கள் கரையூரில் எல்லாருக்கும் அவள் ஆச்சிதான்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மாரி. ஆச்சிக்கு ஒரு வயது. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. களப்பு நிரம்பிப் பாதையெல்லாம் இடுப்பளவு தண்ணீர், பிள்ளையைக் கொண்டுபோக வழியில்லை. மனுசன் மட்டும் மருந்துக்கு வெறும் போத்தலோடு ஆசுபத்திரிக்குப் போனார். நான் மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். “தாயே, எங்களுக்குக் கேக்கத் தெரியாது. எங்களுக்காக ஆராவது கேக்கட்டும்.” வேறு செபம் எனக்கு வரவில்லை.

ஆசுபத்திரியில் சரியான சனம். டாக்குத்தர் இந்தப் பக்கத்துக்குப் புதியவர். “ஆச்சிக்குக் காய்ச்சல்” என்று மனுசன் சொல்ல, அவர் ஒரு கிழவிக்கென்று நினைத்து மருந்துத் துண்டு எழுதிவிட்டார். மருந்து கொடுக்கிற ஐயா குளிசையை எண்ணிக்கொண்டே கேட்டாராம்:

“ஆச்சி இதை விழுங்குவாவோ? பல்லுக் கில்லு இருக்கோ?”

“நாலு பல்லு முளைச்சிருக்கு, ஐயா.”

எண்ணின கை நின்றுவிட்டது. “முளைச்சிருக்கோ? ஆச்சிக்கு எத்தினை வயசு?”

மனுசன் வயதைச் சொன்னதும், ஐயா துண்டை எடுத்துக்கொண்டு தானே டாக்குத்தரிடம் போனார். வேறு மருந்து எழுதுவித்துப் போத்தலில் ஊற்றினார். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று கடதாசி ஒட்டிக் கோடு போட்டு, மனுசனை இரண்டு தரம் திருப்பிச் சொல்லவைத்தார். அந்தக் குளிசையைக் கொடுத்திருந்தால் பிள்ளை தப்பியிராது என்றாராம்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. பல்லுக் கதையைக் கேட்டுச் சிரித்தேன். சிரித்த வாயோடு கதறி அழுதேன். மூத்தவளுக்கு ஏன் ஒருவரையும் கேட்கவிடவில்லை என்று மாதாவைக் கேட்டேன். இன்றைக்கும் கேட்கிறேன்.

இப்போது அயலில் எந்தப் பிள்ளைக்கு மருந்து வந்தாலும் நான் போய் அளவு கேட்பேன். அலுப்புக்காரி என்கிறார்கள், சொல்லட்டும். நீங்களும் மாதாவிடம் போங்கோ. நன்றியோடுதான் போகவேண்டும் என்றில்லை. கோபத்தோடு போனாலும் அவா முகத்தைத் திருப்பமாட்டா.