க்ளைமாக்ஸ் வருவதற்குள் புதுவாயல் வந்துவிடும்

நான்கு வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். வீடு புதுவாயலில். போக வர கம்பெனி பஸ். அது ஊத்துக்கோட்டையில் புறப்பட்டு, பெரியபாளையம், ஆரணி வழியாகப் புதுவாயல் கூட்டுரோட்டுக்கு வந்து, எங்களை அள்ளிக்கொண்டு ஹைவேயில் ஏறும். சாயங்காலம் அதே வழியில் திரும்பும்.

அந்த பஸ்ஸில் ஒரு டிவி உண்டு. டிரைவர் அண்ணன் சரியான சினிமாப் பைத்தியம். அவருடைய பென் டிரைவில் கறுப்பு வெள்ளைக் காலத்துப் படம் முதல், போன மாதம் வந்து ஈயாடிப் போன படம் வரைக்கும் இருக்கும். காலையில் புதுவாயலில் நாங்கள் ஏறி உட்கார்ந்ததும் படத்தைப் போடுவார். பெயர் போடுகிற இடத்தையும் பாட்டையும் தள்ளிவிட்டு ஓட்டுவார். கம்பெனி கேட் வந்ததும் நிறுத்திவிட்டு, சாயங்காலம் விட்ட இடத்திலிருந்து போடுவார். லாரி நெரிசலிலும் மற்ற கம்பெனி வாசல்களில் ஆள் ஏற்றுவதிலும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அப்படியும் க்ளைமாக்ஸ் வருவதற்குள் புதுவாயல் வந்துவிடும். மறுநாள் வேறு படம்.

ஒரு நாள் தமிழ்ப் படம், மறுநாள் தெலுங்குப் படம். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் நிறையப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எந்தப் படம் என்று தினமும் பஸ்ஸே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டதில், டிரைவர் அண்ணன் செய்துவைத்த பஞ்சாயத்து இது. அவர்களில் ஒருத்தி என் மேஜையிலேயே எனக்கு எதிரில் உட்கார்ந்து மூடி சரிபார்ப்பாள். எங்கள் பிரிவில் அந்தப் பக்கத்து ஆள் அவள் ஒருத்திதான். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். நான் அவளை ஊத்துக்கோட்டை என்றே கூப்பிடுவேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் சினிமாவில் ஒத்தே போகாது. உங்கள் ஹீரோ ஒரு உதை விட்டால் ஜீப் பறக்கிறதே, அதில் பெட்ரோல் இருக்கிறதா என்று நான் கேட்பேன். உங்கள் படத்தில் கல்யாண வீட்டில்கூட எல்லாரும் அழுதுகினே இருக்காங்களே, யாருக்கு உடம்பு சரியில்லை என்று அவள் கேட்பாள். கை மூடிகளைப் பொறுக்கும், வாய் அது பாட்டுக்குச் சண்டை போடும். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தால் மட்டும் இரண்டு பேரும் ஊமைகள் ஆகிவிடுவோம்.

அந்த வருடம்தான் என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் பிரச்சினை வந்தது. அவர் வெல்டர். ஒரு நாள் காலையில் எழுந்து, வலது கண்ணில் பாதியை ஏதோ திரை மறைக்கிறது என்றார். சென்னைக்கு ஓடினோம். விழித்திரை விலகிவிட்டது என்று உடனே ஆபரேஷன் செய்து, அது மறுபடி விலகாமல் பிடித்துவைக்கக் கண்ணுக்குள் ஒருவகை எண்ணெய் வைத்தார்கள். சில வாரம் குப்புறப் படுத்தே இருக்க வேண்டும், கண்ணுக்குச் சிரமம் கூடாது, சில மாதம் கழித்து எண்ணெயை எடுக்க இன்னொரு ஆபரேஷன் என்று சொல்லி அனுப்பினார்கள். பார்வை எவ்வளவு திரும்பும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அவர் படம் பார்க்கும் ஆள். பழைய படம், புதுப் படம் என்ற பேதமே கிடையாது. பொன்னேரிக்குப் போய் ஒரே நாளில் இரண்டு காட்சி பார்த்துவிட்டு வந்து, அந்த ராத்திரியே எனக்குக் கதை சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் தலையணையில் முகத்தைப் புதைத்துப் படுத்துக்கிடந்தார். படத்தைப் போட்டுவிடுகிறேன், சத்தத்தையாவது கேளுங்கள் என்றால் கோபம் வரும். வீட்டிலிருந்த ஒரே டச் போனை அவர் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று ஹாஸ்டலில் படிக்கும் மகளிடம் கொடுத்துவிட்டேன். சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. ஒரு நாள் மட்டும், இன்னொரு ஆபரேஷனுக்கு வரமாட்டேன், ஒரு கண் போதும் என்றார். டாக்டரோ அதை விட்டால் இருக்கும் பார்வையும் போகும் என்று சொல்லியிருந்தார்.

பேச்சுக் கொடுக்க ஏதாவது வேண்டுமே என்று ஒரு சாயங்காலம் அன்றைக்கு பஸ்ஸில் பார்த்த படத்தைச் சொன்னேன். அது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஒரு தையல்காரர். அவருடைய தம்பி சின்ன வயதில் கோபித்துக்கொண்டு ஓடிப்போய்விடுவான். அண்ணன் ஒவ்வொரு பொங்கலுக்கும் தம்பிக்கு ஒரு சட்டை தைத்து வைப்பார், இந்த வருடம் இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனக்கணக்கில் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். அலமாரி நிறையச் சட்டை. கடைசியில் மழையில் நனைந்தபடி ஒருவன் கடைக்குள் வருவான்.

"அப்பால இன்னா ஆச்சு?" என்று தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

புதுவாயல் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன் என்றேன். இதையா பாதியில் விட்டு வந்தாய் என்று என்னைத் திட்டினார். பத்து நாளில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். திட்டு வாங்கிச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் முதல் வேலையாக, நாங்கள் இறங்கிய பிறகும் பஸ்ஸில் போகிற ஊத்துக்கோட்டையைப் பிடித்து, நேற்றுப் படம் எப்படி முடிந்தது, வீட்டில் அவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டேன். அவள் கையிலிருந்த மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள். வந்தவன் தம்பிதான். அண்ணன் ஒன்றும் பேசாமல் கடைசியாகத் தைத்த சட்டையை எடுத்து மாட்டிவிடுவார். அது அவனுக்குத் தொளதொள என்று இருக்கும், தோள் முழங்கை வரைக்கும் தொங்கும். பட்டினி கிடந்த உடம்பு. அண்ணன் சிரித்துக்கொண்டே, நான்தான் உன்னை அதிகமாக வளர்த்துவிட்டேன் என்று சொல்லி, ஊசியில் நூல் கோத்துச் சட்டையை அவன் அளவுக்குப் பிடிக்க உட்காருவார். படம் முடிந்தது.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோய்க் கிட்டே போனால், சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார், கணக்குத் தப்பிப்போச்சு அவனுக்கு என்றார். அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஒரு சாயங்காலம் கதை, மறு சாயங்காலம் அதன் முடிவு. இடையில் இருக்கும் ஒரு பகல் முழுக்க அவர் முடிவை யோசித்துக்கொண்டிருப்பார். இப்படித்தான் முடியும் என்று பந்தயம் கட்டுவார். தமிழ்ப் படமோ தெலுங்குப் படமோ, முடிவைக் கொண்டுவந்து தந்தவள் ஊத்துக்கோட்டைதான். இரண்டு மாதம் போனதும், ஒரு நாள் தாமாகவே எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கேட்டார். உன்னிடம் கதை கேட்டது போதும், இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

இதற்கு நடுவில் நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் இவ்வளவும். தமிழ்ப் பட முடிவுகளைக் கேட்கக் கேட்க எனக்குத் தலை கனத்துவிட்டது. அவள் சொல்லும் தெலுங்குப் பட முடிவில் எப்போதும் ஹீரோ இருபது பேரைத் தூக்கி எறிவார், குடும்பமே வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் படமோ ஒவ்வொன்றும் மனதை அள்ளும். ஒரு நாள் கேன்டீனில் எல்லார் முன்னாலும் சட்டைக் கதையைச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்து, "இந்த மாதிரி ஒரு முடிவு உங்க ஆளுங்களுக்கு ஏழு ஜென்மத்துக்கும் எடுக்க வராது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்துவிட்டு, குனிந்து சாம்பார் சாதத்தைப் பிசைந்தாள்.

இரண்டாவது ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பழைய பார்வை முழுதும் வரவில்லை, ஆனால் கண்ணாடி போட்டால் தள்ளி உட்கார்ந்து டிவி பார்க்க முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டார். டிவியில் அந்தத் தையல்காரர் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மழை பெய்தது. நனைந்தபடி ஒருவன் கடைக்குள் வந்தான்.

வந்தவன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். பண்ணையார் அனுப்பிய அடியாளாம். அப்புறம் போலீஸ் வந்தது, துப்பாக்கி வெடித்தது, துணிக் கட்டெல்லாம் எரிந்தது, தையல்காரர் அந்தரத்தில் பறந்து நான்கு பேரை உதைத்தார். அடியாள்தான் தம்பி என்று தெரிந்த நேரத்தில் அவருக்குக் குண்டு பட்டு, தம்பி மடியில் படுத்து ஐந்து நிமிடம் வசனம் பேசிவிட்டுச் செத்துப்போனார். அலமாரியிலிருந்த சட்டைகளை எல்லாரும் மறந்துவிட்டார்கள். டைரக்டர் உட்பட.

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "எனக்கோசரம் நீயா கட்டினியா அந்த முடிவ?" என்றார். கண்ணாடிக்குப் பின்னால் கண் நிறைந்திருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சும்மா வருகிற பெருமை, எப்படி வேண்டாம் என்பது. அன்று ராத்திரிதான் தூக்கம் வராமல் உறுத்தியது.

திங்கட்கிழமை டீ நேரத்தில் ஊத்துக்கோட்டையைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். திருடி மாட்டிக்கொண்டவள் போல முழித்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். புதுவாயல் தாண்டினால் டிரைவர் அண்ணன் டிவியை நிறுத்திவிடுவாராம். சின்ன ரோடு, முன் கண்ணாடியில் டிவி வெளிச்சம் அடித்து எதிரில் வரும் வண்டி தெரியவில்லை என்று. காலையில் நாங்கள் ஏறிய பிறகு போடுவதும் அதனால்தான், எங்களுக்காக இல்லை. ஊத்துக்கோட்டை ஆட்கள் பஸ்ஸில் ஒரு படத்துக்கும் முடிவு பார்த்ததே கிடையாது.

"நீ கேட்டப்போ தெரியாதுன்னுதான் சொல்ல வந்தேன் அக்கா. ஊட்டுக்காரரு காத்துக்கினு இருக்காருன்னு சொன்ன. அப்பால தெரியாதுன்னு சொல்ல வாய் வரல."

அப்படியானால் தெலுங்குப் படமும் உன் கைவேலைதானா என்று கேட்டேன். அதற்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதெல்லாம் தியேட்டரில் போய்ப் பார்த்த படங்கள், அதில் ஒரு வார்த்தை கூட்டியதும் இல்லை குறைத்ததும் இல்லை என்றாள்.

எனக்குக் கேன்டீன் ஞாபகம் வந்தது. நான் ஊரைக் கூட்டித் தமிழ்ப் படத்தின் பெருமை என்று கொண்டாடியதெல்லாம், மூடி பொறுக்கிக்கொண்டே இந்தத் தெலுங்குக்காரி மனதுக்குள் கட்டியது. அவள் கட்டியதை எடுத்தே அவளை அடித்திருக்கிறேன். அன்றைக்கு எல்லார் முன்னாலும் அவள், அது என் கதைதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் கப்பலேறியிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா சண்டைல நான் ஜெயிச்சிருப்பேன் அக்கா. அன்னிக்கு ஊட்டுக்குப் போயி உன் ஊட்டுக்காரர்கிட்ட நீ இன்னா சொல்லுவ?"

அன்று மதியம் கேன்டீனில், எல்லாரும் இருக்கும்போதே எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். கிண்டல் செய்தார்கள், வாங்கிக்கொண்டேன். அது சுலபமாகத்தான் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. நேற்று என்மேல் விழுந்த அந்தப் பார்வையை நானே திருப்பிக் கொடுக்க வேண்டுமே. சொன்னேன். அவர், அந்தப் பெண்ணை ஒரு நாள் சாப்பிடக் கூட்டிவா என்றார்.

வந்தாள், அவள் வீட்டுக்காரரோடு. சாப்பிட்டுவிட்டு நான்கு பேரும் ஒரு தமிழ்ப் படம் பார்த்தோம். அன்றைக்கும் ஜீப், அழுகை என்று வழக்கமான சண்டைதான். படம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது என் வீட்டுக்காரர் ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினார். அவள் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா" என்றார். அவள் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் படத்தின் நிஜ முடிவு என்னவென்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். அங்கேயும் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு, சினிமாச் சண்டையும் உண்டு, வாயை அடக்கும் பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் ஏதாவது ஒரு சண்டையில் நான் ஜெயித்து, எதிரில் இருப்பவர் லேசாகச் சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டால் மட்டும், இந்த வெற்றியை எனக்காக அவர் எதை விழுங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தாரோ என்று மனது ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது.