பிரியா இருந்த ஒருசந்தி

தெரசாவுக்கு வேலை, குதிரைக்குப் பக்கத்தில் நடப்பது. சம்பளம் கொடுத்து நடக்கச் சொல்கிறார்களா என்று சொந்தக்காரர்களே கேலி பேசினார்கள். காரிமங்கலத்துக்கு வெளியே, சிறப்புக் குழந்தைகளுக்குக் குதிரைப் பயிற்சி கொடுக்கிற இடம் அது. கயிற்றை ராஜப்பன் பிடிப்பார். மேலே உட்கார்ந்த பிள்ளை சரியாமல், தொடை மேல் கை போட்டபடி தெரசா கூடவே நடப்பாள். மல்லி என்ற அந்தக் குதிரை முன்பு கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைகளைச் சுமந்தது. இப்போது கழுத்து நிற்காத பிள்ளைகளைச் சுமக்கிறது. அதன் நடைக்கு இடுப்பு அசைந்து அசைந்து, ஆறே மாதத்தில் முதுகு நிமிர்ந்த பிள்ளைகளைத் தெரசா கண்ணால் பார்த்திருக்கிறாள்.

பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அவள் மகள் தேவிப்பிரியாவுக்குப் பத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்து நடந்ததில்லை. பேச்சும் குழறும், தாய்க்கு மட்டும்தான் முழுதாகப் புரியும். குதிரை இந்தப் பக்கம் வருவதற்குள் பிள்ளை வளர்ந்துவிட்டது. வயதாகிவிட்ட மல்லி மேல் ஐம்பது கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பயிற்சியாளர் சசிகலா போட்ட சட்டம். பிரியா ஐம்பத்து மூன்று. மூன்றே மூன்று கிலோ! ஊரார் பிள்ளைகளையெல்லாம் தாங்கிய கைக்குத் தன் பிள்ளையைத் தாங்கக் கொடுத்துவைக்கவில்லை. ஒரே ஒரு தடவை அவளை அந்த முதுகில் பார்த்துவிட வேண்டும் என்று தெரசா ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த நேரம் பார்த்துத் தவக்காலம் வந்தது. நோயாளிகளுக்கு ஒருசந்தி கடமையில்லை என்று ஃபாதர் கோயிலில் சொன்னது அவள் காதில் விழாமல் இல்லை.

"இந்த வருசம் நீயும் ஒருசந்தி இருக்கறியா கண்ணு? ஒரு வேள மட்டும் சாப்ட்டு ஜெபம் பண்ணுனா கேட்டது கெடைக்கும்" என்றாள்.

பிரியா சந்தோஷமாகத் தலையாட்டினாள். ஆண்டவர் பேரைச் சொல்லிப் பெற்ற மகளையே ஏமாற்றினாள், வேறென்ன சொல்ல! மதியம் ஒரு உருண்டை களி, அதுவும் வரவரச் சிறுத்தது. வாரம் ஒருமுறை புளி வியாபாரியின் எடை மேடையில் மகளைச் சக்கர நாற்காலியோடு ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழித்துப் பார்த்தாள். பெங்களூரில் கட்டட வேலையிலிருந்த கணவன் சவுரியப்பன், வீடியோ காலில் பார்த்துவிட்டு, "என்ன, புள்ள மொகம் வாடிக் கெடக்குது?" என்று கேட்டான். வெயில் என்று சமாளித்தாள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் நாற்பத்தொன்பதே முக்கால் காட்டியது. அன்றைக்கே ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனாள். சசிகலாவும் எடை பார்த்துவிட்டு, "ஏத்தலாங்க்கா" என்றாள்.

மகளின் தொடை மேல் தெரசா கை வைத்தாள். மல்லி நடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அடி. பிரியா வாய்விட்டுச் சிரித்தாள். ஐந்தாவது அடியில் கண் செருகி, தாயின் தோள் மேலேயே சரிந்தாள்.

இறக்கிப் படுக்கவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் விழித்தாள்.

"காலைல என்ன சாப்ட்டுச்சு?" என்று கேட்டாள் சசிகலா.

தெரசா குனிந்து மகளின் முகத்தைத் துடைத்தாள். பிரியாதான் பெருமையாக என்னவோ குழறினாள்.

"என்னக்கா சொல்லுது?"

அதைத் தெரசாவேதான் சொல்ல வேண்டியிருந்தது. "அஞ்சு வாரமா ஒருசந்தி இருக்குதாங்க மேடம். தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு வலிக்குதாம். அது போவணும்னு... வேண்டிக்கிச்சாங்க." அதற்கு மேல் முடியாமல் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சசிகலாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திட்டவில்லை. "மொதல்ல வவுத்துக்குப் போடுங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் தெரசா பெரிய சட்டியில் களி கிண்டினாள். ஊட்டுகிற ஒவ்வொரு வாய்க்கும் அந்தக் குதிரை தள்ளித் தள்ளிப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கை நிற்கவில்லை.

"மேல எப்பிடி கண்ணு இருந்துச்சு?"

பிரியா விழுங்கிவிட்டு, மெதுவாகச் சொன்னாள். "உன் உச்சந்தல தெரிஞ்சுதும்மா. எம்மாம் நரை!"

பத்தொன்பது வருஷமாகத் தாயை அண்ணாந்தே பார்த்த பிள்ளை. தெரசா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, இன்னொரு உருண்டையைத் தட்டில் வைத்தாள்.