மாலை போட்ட டர்போ

கிள்ளானில் எங்கள் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் கார் நின்று நான் பார்த்ததே இல்லை. அப்பாவின் கார் வெயிலிலும் மழையிலும் சாலையோரம் கிடக்கும். உள்ளே ராஜ மரியாதையோடு சித்தப்பாவின் எஞ்சின் வீற்றிருக்கும்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், நான் பிறந்ததிலிருந்து எங்களோடுதான் இருந்தார். அப்பா விடியும் முன்பே ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போய்விடுவார். அதனால் என்னைப் பள்ளியில் விடுவது, கூட்டி வருவது, கணக்கு வராமல் நான் விழிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தானும் சேர்ந்து விழிப்பது எல்லாமே சித்தப்பாதான்.

அவர் வேலை பார்த்தது ஒரு ஹாஃப்கட் கடையில். ஜப்பானில் பழைய கார்களைக் குறுக்கே வெட்டி, எஞ்சின் இருக்கும் முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்கள். அந்தப் பாதிகளைப் பிரித்து விற்கும் கடை அது. அப்படி வந்த ஒரு டர்போ எஞ்சினை முதலாளியிடம் கெஞ்சி வாங்கி வந்து, மணலில் ஓடும் கார் செய்யப் போவதாகச் சொன்னார். கதவு கிடையாது, கூரை கிடையாது. இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த ஒரு கூண்டு, நான்கு தடித்த சக்கரம், முதுகுப் பக்கம் எஞ்சின். அம்மா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மீதி எப்போ வரும்?" என்று கேட்டார்.

சித்தப்பா விளையாட்டுக்குச் செய்யவில்லை. துபாயில் பாலைவனக் கார்கள் கட்டும் பட்டறை ஒன்றில் வேலை இருந்தது. நீயே பிரித்துக் கட்டிய எஞ்சின் மணலில் ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பு, பிடித்திருந்தால் விசா அனுப்புகிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆக, கார் ஓடினால் சித்தப்பா போய்விடுவார். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் சொல்லியிருந்தார்கள். ஆனால் எட்டு வயதில் துபாய் என்பது எனக்குப் பக்கத்து ஊர் ஷா ஆலம் தாண்டிக் கொஞ்ச தூரம்.

சாயங்காலம் முழுக்க எஞ்சின்தான். பிஸ்டன்களைக் கழுவித் துடைத்துப் பழைய செய்தித்தாளில் வரிசையாக வைப்பார். புது பிஸ்டன் வளையங்களைச் சிலிண்டருக்குள் இறக்கி, அவற்றின் முனைகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று மெல்லிய தகடு விட்டுப் பார்ப்பார். எனக்குப் பிடித்தது டர்போதான். நத்தை ஓடு மாதிரி சுருண்டு பளபளவென்று இருக்கும்.

"எஞ்சின் விடுற புகையில ஒரு சக்கரம் சுத்தும் பாப்பா. அந்தச் சுத்துல இன்னொரு சக்கரம் வெளிக் காத்தை இழுத்து எஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து கூடக் கூட வேகம் கூடும்" என்றார். புரிந்தது மாதிரி தலையாட்டினேன். அதில் நான் கெட்டிக்காரி.

முதல்முறை கிளப்பும் நாள் வந்தது. எங்கள் வீட்டில் எந்த வண்டியும் பூஜை போடாமல் நகர்ந்ததில்லை. அப்பா முதல்நாளே பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு செவ்வந்தி மாலையை மடியில் வைத்து ரயிலில் கொண்டு வந்திருந்தார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, விபூதி குங்குமம் வைத்தாயிற்று. மாலையை எங்கே போடுவது? கூண்டுக்கு முகம் என்று ஒன்று இல்லையே. சித்தப்பா முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். அம்மா பின்பக்கம் போய், இருப்பதிலேயே அழகாக இருந்த டர்போவின் வாயைச் சுற்றி மாலையை மாட்டிவிட்டுக் கும்பிட்டார். டர்போ காற்றை இழுக்கும் விசில் சத்தம் வீடியோவில் நன்றாகக் கேட்க வேண்டும் என்று சித்தப்பா அன்று காலைதான் அந்த வாயின் வடிகட்டியைக் கழற்றி வைத்திருந்தார்.

எஞ்சின் முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. எல்லோரும் கைதட்டினோம். சித்தப்பா ஒரு மிதி மிதித்தார். மாலை ஒருமுறை நெளிந்தது. அடுத்த மிதியில் உள்ளே போய்விட்டது. கிறீச்சென்று ஒரு சத்தம். பூ போனால்கூடப் பரவாயில்லை, குஞ்சத்தைக் கட்டியிருந்த கம்பியும் போயிருந்தது. உள்ளே சக்கரத்தின் இதழ்கள் வளைந்து கிடந்தன.

அம்மா அழுதார். "விடுங்க அண்ணி, சாமி கேட்டுச்சு, குடுத்தாச்சு" என்று சித்தப்பா சிரித்தார். அடுத்த வீட்டு ஆன்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "இது போக வேணாம்னு சகுனம் லா" என்றார். அப்பா, "சகுனமும் இல்ல ஒண்ணும் இல்ல ஆன்டி, ரிப்பேர் பண்ணிடலாம்" என்று பேச்சை முடித்துவிட்டார். தம்பியின் நல்ல வாய்ப்புக்குத் தானே குறுக்கே நிற்கக் கூடாது என்பது அப்பாவின் எண்ணம். அம்மாவுக்கோ, அதற்குப் பிறகு 'போகாதே' என்று சொன்னால் மாலையை வேண்டுமென்றே போட்டதாக ஆகிவிடுமே என்ற பயம்.

மறுநாளே சித்தப்பா எஞ்சினை மறுபடி அக்கக்காகப் பிரித்தார். அதே பிஸ்டன்கள், அதே செய்தித்தாள். தீபாவளி வந்து போயிற்று, முறுக்கு தீர்ந்துபோயிற்று, எஞ்சின் இன்னும் தரையில்தான் கிடந்தது. அவ்வளவு பெரிய காயம் போலிருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். போன வருடம் என் காரில் டர்போ போய், ஷா ஆலமில் ஒரு பட்டறையில் விட்டேன். "டர்போ மட்டும்தான் கா. மாத்திட்டா முடிஞ்சிருச்சு" என்றார் அங்கிருந்த மெக்கானிக் பையன். எஞ்சினைப் பிரிக்க வேண்டாமா என்று கேட்டேன். "நல்லா இருக்கிற எஞ்சினை எதுக்குக் கா தொடணும்?" என்றார். வாடகைக் காரில் வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அழுகை நிற்கவில்லை.

சித்தப்பா காத்திருந்திருக்கிறார். 'இருந்துவிடு' என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள் என்று, கழற்றியதையே கழற்றி, துடைத்ததையே துடைத்துக்கொண்டு அத்தனை நாள் அந்தத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது துபாயிலேயே அவருக்குக் குடும்பம். போனில் சிரிக்கும்போது பின்னால் மணல் தெரிகிறது. எனக்கு அவர் போனில் வேண்டாம், பக்கத்தில் வேண்டும்.

அன்று நான் சொன்னது வேறு. "எப்போ சித்தப்பா முடியும்? எப்போ என்னை ஏத்திக்கிட்டுப் போவீங்க?" என்று பள்ளி விட்டு வரும் வழியெல்லாம் நச்சரித்தேன். ஒருநாள் அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "ஓடணும்னு உனக்கு அவ்ளோ ஆசையா பாப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த வாரமே வேறொரு ஹாஃப்கட்டிலிருந்து டர்போ வந்தது. எல்லாவற்றையும் மாட்டிவிட்டார்.

டெங்கில் பக்கத்தில் பழைய ஈய லம்பம், அதாவது ஈயச் சுரங்கம், ஒன்று இருந்தது. ஈயம் எடுத்த பிறகு மிஞ்சிய வெள்ளை மணல் மேடு மேடாகக் கிடக்கும். லோரியில் காரை அங்கே கொண்டுபோனோம். சித்தப்பா மணலில் ஏறி இறங்க, அப்பா சித்தப்பாவின் போனில் படம் பிடித்தார். பிறகு சித்தப்பா என்னைப் பக்கத்தில் வைத்துக் கட்டி, டர்போ விசிலடிக்க மேட்டுக்கு மேடு பறந்தார். நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிப்போயிற்று.

திரும்பும் வழியில், தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் விற்கும் கடையில் நிறுத்தினோம். அப்பா லோரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். சித்தப்பா போனை மேசையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தார்.

"அனுப்பலையா சித்தப்பா?" என்றேன்.

"நீயே அனுப்பு" என்று என்னிடம் தள்ளினார். எங்கே அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். அழுத்தினேன்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு சித்தப்பா" என்று கைதட்டினேன்.

அவர் தன் செண்டோலையும் என் பக்கம் நகர்த்திவிட்டு, சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டத் தொடங்கினார். இரண்டையும் நானே குடித்தேன். அவருக்கு வேண்டாமா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.