கதவில் ஒட்டிய 'து'

என் அக்கா புருஷன் ஸ்டிக்கர் கடைக்காரர். இருபது வருடமாக வண்டிகளுக்கு நம்பரும் கடைகளுக்குப் பெயரும் வெட்டி ஒட்டுகிறார். ஆனால் விசிட்டிங் கார்டில் 'டிசைனர்' என்று போட்டுக்கொண்டிருக்கிறார். அக்கா அதை ஒப்புக்கொண்டதே கிடையாது. "ஒட்டுறவருக்கு என்ன டிசைனு?" என்று நாலு பேர் முன்னால் கேட்பாள். மனிதர் சிரித்து மழுப்புவார். எனக்குத்தான் பாவமாக இருக்கும்.

அதனால்தான் நான் குமாஸ்தாவாக இருக்கும் தண்ணீர் வரி ஆபீஸுக்கு அவரைச் சிபாரிசு செய்தேன். முதலில் வாசல் கண்ணாடிக் கதவு மட்டும். மேனேஜருக்குப் பிடித்தால் நாலு மாடிக்கும் அவரே ஒட்டலாம். அத்தானுக்கு வாழ்க்கையில் வந்த முதல் பெரிய வேலை.

கதவின் வெளிப்பக்கம் 'தள்ளவும்' என்று இருக்க வேண்டும். ஒரு துணிக்கடைக்கு வெட்டியதில் மிஞ்சிய 'து' மேஜைமேல் கிடந்திருக்கிறது. கை அதை எடுத்துவிட்டது. அளவு, நிறம், இடைவெளி எல்லாம் கனகச்சிதம். கதவு 'துள்ளவும்' என்றது.

மறுநாள் காலை வந்த முதல் ஆள் அதைப் படித்தார். அக்கம்பக்கம் பார்த்தார். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு துள்ளு துள்ளிவிட்டு உள்ளே வந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர் துள்ளினார். பதினொரு மணிக்கு வரிசையே துள்ளிக்கொண்டிருந்தது. ஒருத்தராவது ஏன் என்று கேட்க வேண்டுமே! எழுத்து கோணல்மாணலாக இருந்திருந்தால் தப்பு என்று நினைத்திருப்பார்கள். இவ்வளவு அழகாக எழுதியிருந்தால் ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

ஓர் அம்மாள் என் ஜன்னலுக்கு வந்தார். "ஒரு தடவையா, மூணு தடவையா தம்பி? எனக்கு முட்டி வலி. எனக்குப் பதிலா என் மருமக துள்ளலாமா?"

"லெட்டர் எழுதிக் குடுத்தா துள்ளலாம்மா" என்றேன். என் வாய்க்கொழுப்பு. அவர் எழுதியே கொடுத்துவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். வழக்கமாக எங்கள் ஆபீஸுக்குள் வருகிறவர்கள் சண்டைக்கு வருகிற மாதிரிதான் வருவார்கள். அந்த மூன்று நாளும் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். என்னை யாரும் திட்டவில்லை.

மூன்றாம் நாள் மேனேஜர் அத்தானை வரச்சொன்னார். நாலு மாடியும் போயிற்று, அக்காவுக்கு ஆயுசுக்கும் பேச விஷயம் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டே கூடப் போனேன்.

"இது வேணும்னே எழுதினதா?"

அத்தானுக்குப் பொய் வராது. "தப்புதான் சார். எழுத்து மாறிப்போச்சு."

மேனேஜர் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினார்.

"தப்புன்னு வெளியே சொல்லிடாதேய்யா! அப்போ நான் மூணு நாளா எதுக்குத் துள்ளினேன்? தலைமை ஆபீஸ் உத்தரவுன்னு நினைச்சேன். இது டிசைன். நீ டிசைனர். புரியுதா?"

நாலு மாடியும் கிடைத்தது. அன்று மாலையே கதவின் உள்பக்கம் 'இழுக்கவும்' ஒட்ட வேண்டியிருந்தது. அக்காவும் வேடிக்கை பார்க்க வந்தாள். துள்ளாமல் உள்ளே வந்தவள் அவள் ஒருத்திதான். அத்தான் ஒட்டி முடித்துவிட்டு நகர்ந்தார். 'இளிக்கவும்.'

"அத்தான், தப்பு!" என்று கத்தினேன்.

"தெரியும்டா" என்றார். "இது மட்டும் வேணும்னே."

வீட்டுக்குக் கிளம்பிய அக்கா கதவருகே நின்று அதைப் படித்தாள்.

"டிசைனராம், டிசைனர்!" என்றாள், அத்தனை பல்லும் தெரிய.