வாசலில் நின்ற மஞ்சம்புல்

காலைப் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தபோது சேதி வந்தது. காளியம்மாளின் தம்பி பழனிச்சாமி பள்ளிக்கூட வாசலிலேயே சைக்கிளைப் போட்டுவிட்டு, "அக்கா போயிருச்சுங்க டீச்சர்" என்றான். பிள்ளைகள் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நம் எருத்தேன்பதிப் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்த காளியம்மாளை உங்களுக்கெல்லாம் தெரியும். என்னைவிட இளையவள், அவள் என்றே எழுதுகிறேன். அவள் வீட்டு வாசலில் ஆள் உயரத்துக்கு நின்ற மஞ்சம்புல்லையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலையடிவாரத்தில் தூர் பெயர்த்து வந்து, ஆடிச் சாரலில் கைவீச்சு இடைவெளி விட்டு நட்டாள். கூரை மேய்கிற புல்லை எந்தப் பைத்தியக்காரியாவது அழகுக்கு வளர்ப்பாளா என்று கேலி செய்திருக்கிறேன். "காத்தைக் கண்ணுல பாக்கோணும்னா இதுதானுங்க அக்கா" என்பாள்.

பாம்பு அடையும் என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். அவளோ வாரந்தவறாமல் காய்ந்த தாளை உருவி, அடியைப் பெருக்கி வைத்திருப்பாள். "கூட்டி வெச்ச எடத்துல பாம்புக்கு என்னங்க வேலை?" என்றாள்.

ஐப்பசியில் வயிற்றில் கட்டி என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்கப் போனால் ஒரே கேள்விதான்: "புல்லு பூ எடுத்திருச்சுங்களா?" கார்த்திகையில் டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று. அவள் வீட்டுக் கூரையோ ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகுகிற வீட்டில் அவளைக் கிடத்துவதா?

"வாசல்லயே புல்லு நிக்குது, எங்கடா தேடற? அறு" என்றேன், கூரைக்குப் புல் தேடி அலைந்த பழனிச்சாமியிடம்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்களா?"

"கூரை மேயறதுக்குமா கேப்பாங்க?" என்று என் வீட்டு அரிவாளை எடுத்துக் கொடுத்தேன். தைக்கு முன் அறுக்கிற வழக்கமில்லை. பூ அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. இரண்டே நாளில் மேய்ந்து முடித்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவளைக் காரில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். உள்ளே கிடத்தியதும், "கட்டிலை வாசப்பக்கம் திருப்பிப் போடுங்க அக்கா, பாக்கோணும்" என்றாள். புல்லை அறுத்ததை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. திருப்பிப் போட்டோம். அறுத்த அடித்தூர்களை நெடுநேரம் பார்த்தாள். பிறகு மேலே கூரையைப் பார்த்தாள். "பரவால்லீங்க அக்கா, இனி ஒழுகாது" என்றாள். கட்டிலைப் பழையபடியே போடச் சொன்னாள்.

எட்டாம் நாள் போய்விட்டாள். அந்த எட்டு நாளும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மழையே பெய்யவில்லை.

ஒரு தூரைப் பெயர்த்து வந்து என் வாசலில் நட்டிருக்கிறேன். இது நடுகிற மாதமல்ல, பிழைக்குமோ என்னமோ. அவள் நினைவாக என்னிடம் இருப்பது அந்தத் தூரும், அந்த அரிவாளும்தான். தூர் அவளுடையது. அரிவாள் என்னுடையது.